‘சமத்துவம்’ என்று கட்சி சொன்னால் எதை வைத்து அளப்பது? கொங்கு மண்டலத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

தேர்தல் அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு ஒரு குழப்பம் வரும். திராவிடக் கட்சிகள், தேசியக் கட்சிகள், இடதுசாரிகள், கொங்கு வட்டாரக் கட்சிகள் என எதை எடுத்தாலும் சமூகநீதி இருக்கிறது, சமத்துவம் இருக்கிறது, அம்பேத்கர் படமும் இருக்கிறது. சமத்துவத்துக்கு எதிராக ஒரு வரி எழுதிய கட்சி கிடையாது. ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் மாவட்டங்களில் இருந்து தீண்டாமைப் புகார்களும் ஆணவக்கொலைச் செய்திகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எல்லோரும் ஆதரிக்கும் ஒன்று ஏன் நடக்கவில்லை? ஒரு கட்சியின் உறுதி உண்மையானதா என்று சாதாரண வாக்காளர் எப்படித் தெரிந்துகொள்வது? அடிப்படையில் இருந்து பார்ப்போம்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

1. குடிமை உரிமை: ஒருவர் குடிமகன் என்பதாலேயே அவருக்குச் சேரும் உரிமை. தெருவில் நடப்பது, டீக்கடையில் மற்றவர்களுக்குத் தரும் அதே கிளாஸில் குடிப்பது, கோயிலுக்குள் போவது, பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுப்பது, விரும்பியவரைக் கட்டிக்கொள்வது எல்லாம் இதில் வரும். அரசியலமைப்பின் 15(2) கடைகளையும் கிணறுகளையும் சாலைகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கியது.

2. சமத்துவம்: 14ஆவது பிரிவின்படி சட்டத்தின் முன் எல்லோரும் சமம். ஆனால் சமமாக இல்லாதவர்களைச் சமமாக நடத்தினால் மட்டும் போதாது என்பதால் 15(4), 16(4) ஆகியவற்றின் வழியாக இடஒதுக்கீடு வந்தது.

3. இரண்டு சட்டங்கள்: ஊரில் எல்லாவற்றையும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றே சொல்வார்கள். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேறு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தடுக்க வந்த 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு. முதலாவதில் பெரும்பாலான குற்றங்களுக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரைதான் சிறை. இரண்டாவது கடுமையானது. முன்ஜாமீனுக்குத் தடை, டி.எஸ்.பி. தகுதியில் உள்ளவர் விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை, தனி நீதிமன்றம், பாதிக்கப்பட்டவருக்கு அரசின் நிவாரணத் தொகை என்று போகும். கொங்கில் எதிர்ப்பு கிளம்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சட்டத்தின் மேல்தான்.

அறிக்கையில் எழுதினால் கட்சியைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. தேர்தல் அறிக்கை ஒப்பந்தம் அல்ல. வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்று கட்சியின் மேல் வழக்குப் போட்டு வெல்ல வழியில்லை. அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறி வகுக்கும்படி 2013இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. அது நடத்தை விதிகளில் சேர்ந்ததே தவிர, சொன்னதைச் செய்ய வைக்கும் அதிகாரம் யாருக்கும் வரவில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு இன்னொன்றைக் கேட்கிறது. பதிவு பெற விரும்பும் கட்சி அரசியலமைப்புக்கும், சமதர்மம், மதச்சார்பின்மை, மக்களாட்சி ஆகிய கொள்கைகளுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிகளிலேயே எழுதித் தர வேண்டும். எழுதித் தந்துவிட்டு மீறினால்? பதிவை ரத்து செய்யும் பொதுவான அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, எழுத்தை வைத்து எந்தக் கட்சியையும் பிடிக்க முடியாது. செயலை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கொங்குக்கு இது புதிய பேச்சு அல்ல

ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த பெரியார் 1924இல் வைக்கம் போனதும், 1925இல் சுயமரியாதை இயக்கம் தொடங்கியதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது மாகாண சுயமரியாதை மாநாடு 1930இல் ஈரோட்டிலேயே நடந்தது. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது சேலம் மாநாட்டில். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயன் திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலத்து ஜமீன்தார். வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணையை முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அந்த அமைச்சரவையில்தான். அதே திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார்.

ஒன்றோடொன்று மோதிய அரசியல்கள் இவை. ஆனாலும் எல்லாமே சமத்துவத்தைப் பேசின, எல்லாமே இந்த மண்ணில் வேர்விட்டன. பேச்சுக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை. அதனால்தான் பேச்சை அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

உறுதி உடையும் இடம்: ‘ராஜி’ என்ற சமரசம்

அறிக்கை எழுதப்படுவது சென்னையில். உரிமை மறுக்கப்படுவது கிராமத்தில். இரண்டுக்கும் நடுவில் கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று ஒரு வரிசை நிற்கிறது. கொங்கில் பெரும்பாலான கட்சிகளில் அந்த வரிசையில் இருப்பவர்கள் நிலமும் விசைத்தறியும் கோழிப்பண்ணையும் பனியன் கம்பெனியும் வைத்திருக்கும் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கொடியின் நிறம் மாறும், உறவுமுறை மாறாது. புகார் கொடுப்பவரோ பெரும்பாலும் அதே காட்டில், அதே தறிப்பட்டறையில் கூலிக்குப் போகும் அருந்ததியர், பட்டியல் சாதியினர். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தறிகளில் முன்பணம் வாங்கியவர் என்றால் கேட்கவே வேண்டாம். எதிராளியே கடன் கொடுத்தவராகவும் முதலாளியாகவும் இருப்பார்.

அப்படி ஒரு புகார் வந்தால் வழக்கமாக நடப்பது இது:

1. காவல் நிலையத்துக்குப் போனதும் முதல் தகவல் அறிக்கை போட மாட்டார்கள். மனு ரசீது கொடுத்து, “நாளைக்கு வாங்க” என்பார்கள்.

2. அன்று மாலையே கட்சிக்காரர் ஒருவர் வளவுக்கு, அதாவது புகார் கொடுத்தவரின் குடியிருப்புக்கு, வருவார். “ஏனுங்க, ஊருக்குள்ள ஒண்ணுமண்ணா இருக்கறோம், கேசு எதுக்குங்க?” என்று தன்மையாகத்தான் பேச்சு தொடங்கும்.

3. ஒத்துக்கொள்ளாவிட்டால் தோட்ட வேலை நிற்கும், கடையில் கடன் நிற்கும், பால் ஊற்றுவது நிற்கும். புகார் கொடுத்தவர் மேலேயே எதிர்ப்புகாரும் பதிவாகும்.

4. அப்படியும் வழக்கு நின்றால், விசாரணைக்கு வரும்போது சாட்சிகள் பிறழ்வார்கள். பிறகு விடுதலை. ‘பார்த்தீர்களா, பொய் கேஸ்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

சட்டத்தில் இந்த ராஜிக்கு இடமே கிடையாது. வன்கொடுமை வழக்கு இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அல்ல. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை என்று 4ஆவது பிரிவு சொல்கிறது. 2015 திருத்தத்தில் சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தனி உரிமைகள் வந்தன. இதெல்லாம் இருந்தும் ராஜி நடக்கிறது என்றால், அதை நடத்தி வைப்பவர் கட்சிக்காரர் என்பதே காரணம். அவர் ஏதோ ஒரு கட்சியில் மட்டும் இல்லை, எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்.

இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது, திருத்த வேண்டும் என்று கேட்கும் அமைப்புகள் கொங்கில் உண்டு. அந்த வாதத்தையும் நேர்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பொய்ப் புகார் எந்தச் சட்டத்திலும் வரலாம், அதற்குத் தண்டனையும் உண்டு. ஆனால் விடுதலையான வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று எண்ணுவது தவறு. மேலே நான்காவது படியில் விழுந்த வழக்கும் அந்தக் கணக்கில்தான் வரும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உடனடிக் கைதுக்குக் கட்டுப்பாடு போட்டது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்து அதை மாற்றியது. 2020இல் உச்ச நீதிமன்றமே அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி விவாதம் அங்கே முடிந்துவிட்டது. இன்னும் திருத்தம் கேட்கும் கட்சியிடம், முதல் மூன்று படிகளைத் தடுக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஒரே பிரச்சினை, இரண்டு விதமான பதில்

2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சிலர் தகராறு செய்தார்கள். நிர்வாகம் முதலில் செய்த காரியம் அந்தப் பெண்ணை இடமாற்றியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மாறுதல் ரத்தானது, வழக்கும் பதிவானது.

2023இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர்ப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் இதே பிரச்சினை வந்தது. அங்கே ஆட்சியர் நேராகப் பள்ளிக்குப் போனார், வழக்குப் பாயும் என்று சொன்னார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் ஒன்று, மறுப்பும் ஒன்று. முதல் இடத்தில் அமைதி வேண்டும் என்று பாதிக்கப்பட்டவரை நகர்த்தினார்கள். இரண்டாவது இடத்தில் மறுப்பவரை நோக்கிச் சட்டம் நகர்ந்தது. ஒரு ஆட்சியின் உறுதி என்பது இந்தத் திசைதான். எந்தக் கட்சி ஆண்டாலும் முதல் 24 மணி நேரத்தில் யாரை நகர்த்துகிறார்கள் என்று கவனியுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, “பெரியவங்களைப் பகைச்சுக்காதீங்க” என்று மேலிருந்து போன் வருமா, “வழக்குப் போடுங்க” என்று வருமா என்பது அந்த அலுவலருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

உள் ஒதுக்கீடு ஒரு பக்கம், ஒப்பந்தம் மறு பக்கம்

எழுத்தோடு நிற்காமல் செயலான உறுதிகளும் உண்டு. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தனியாக ஒதுக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்டது. நீதிபதி ஜனார்த்தனம் குழு பரிந்துரைத்தது, தி.மு.க. அரசு சட்டமாக்கியது, பல கட்சிகள் ஆதரித்தன. அருந்ததியர் அதிகம் வாழ்வது மேற்கு மாவட்டங்களில் என்பதால் கொங்கில் இதன் பலன் நேரடியானது. 2004ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பால் இது நிற்குமா என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன பிறகு அது தீர்ந்தது.

அ.தி.மு.க. கணக்கிலும் ஒன்று உண்டு. ராசிபுரத்தில் வென்ற அருந்ததியரான ப. தனபால் 2012இல் சட்டமன்றப் பேரவைத் தலைவர் ஆனார். அப்புறம் அவிநாசியில் வென்று 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தார். சபையே எழுந்து நின்று மதிக்கும் பதவி. அதன் பொருள் சிறியதல்ல.

சரி, அப்படியானால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசுப் பணியில் 3 விழுக்காடு கொடுத்த அதே காலத்தில், அருந்ததியர் பெரும் எண்ணிக்கையில் இருக்கும் தூய்மைப் பணி என்ன ஆனது? மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் அது தனியார் ஒப்பந்தத்துக்குப் போனது. ஒப்பந்த நிறுவனம் ஆள் எடுத்தால் இடஒதுக்கீடு கிடையாது, பணி நிரந்தரம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. 2022 அக்டோபரில் கோவையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது கூலிக்காகவும் நிரந்தரத்துக்காகவும். இந்த ஒப்பந்த முறையை இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சிகளும் வளர்த்தன. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை எடுத்துக்கொள்கிறது. சமத்துவ வாக்குறுதியைச் சமூகநலத் துறையின் பக்கத்தில் மட்டும் தேடாமல் நகராட்சி நிர்வாகத் துறையின் பக்கத்திலும் தேடச் சொல்வது இதனால்தான்.

ஊராட்சிகளிலும் இதே கதை. அரசியலமைப்பின் 243ஈ பிரிவின்படி தலித் பெண்கள் பலர் ஊராட்சித் தலைவர்கள் ஆனார்கள். 2016 முதல் பெண்களுக்குப் பாதி இடம். ஆனால் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தேர்தலைத் தள்ளிப்போட்டால் எல்லோருக்கும் இழப்புதான். ஆனால் வேறு எந்த வழியிலும் அந்த நாற்காலியை எட்ட முடியாதவர்களுக்கு இழப்பு அதிகம்.

திருமணம் என்று வரும்போது

கொங்குக் கட்சிகளுக்கு மிகக் கடினமான பரீட்சை இதுதான். 2015இல் திருச்செங்கோட்டில் இருந்து கடத்தப்பட்ட தலித் பொறியியல் பட்டதாரியின் உடல் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தது. வேறு சாதிப் பெண்ணோடு பேசினார் என்பதுதான் காரணம். நாமக்கல்லில் சாட்சிகள் பிறழ்ந்த பிறகு விசாரணை மதுரைக்கு மாறியது. 2022இல் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு சாதி அமைப்பின் தலைவரே முதல் குற்றவாளி. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் பக்கம் பட்டப்பகலில் தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவியும் வெட்டுப்பட்டார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

சாதி மறுப்புத் திருமணத் தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கும்படி 2016இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2018இல் நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆணவக்கொலைக்கு எதிரான சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது.

இங்கே ஒரு கட்சியை அளக்க மூன்று விஷயம் போதும். கொலை நடந்த அந்த வாரத்தில் மாவட்டச் செயலாளர் பெயர் சொல்லிக் கண்டித்தாரா, தலைநகரில் இருந்து மட்டும் அறிக்கை வந்ததா? அரசு வழக்கறிஞராகப் பாதிக்கப்பட்ட குடும்பம் நம்பும் ஒருவரை ஆட்சி நியமித்ததா? குற்றம் சாட்டப்பட்டவரைத் தியாகியாக்கும் சாதி அமைப்போடு அடுத்த தேர்தலில் மேடை பகிர்ந்ததா? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. சாதி ஓட்டு மொத்தமாக விழும், கொலையான இளைஞனின் குடும்பத்திடம் இருப்பதோ நாலு ஓட்டு.

ஓட்டு இல்லாதவர்களின் உரிமை

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை வார்ப்பாலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது மாநிலக் காவல்துறை வேகமாக மறுத்தது, வழக்கும் போட்டது. தொழில் நின்றுவிடும் என்ற பயமும் அந்த வேகத்தில் இருந்தது. அவர்களுடைய கூலி, தங்குமிடம், விபத்து இழப்பீடு என்று வரும்போது அந்த வேகத்தைக் காணோம். ஓட்டு இல்லாதவருக்காக ஒரு கட்சி செய்வதில்தான் அதன் கொள்கை எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

வாச்சாத்தி இதற்குப் பழைய சான்று. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். அந்த ஊரின் ஓட்டுக்காக யாரும் இத்தனை பெரிய அரசு இயந்திரத்தைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் பகைத்துக்கொண்டன. வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் கொண்டுபோய், ஆட்சிகள் மாறி மாறி வந்தபோதும் விடாமல் நடத்தின. 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்து போயிருந்தார்கள், மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 31 ஆண்டுகள். அந்தக் கட்சியின் மற்ற கொள்கைகள் மேல் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், குடிமை உரிமைக்கான உறுதி என்றால் இதைத்தான் காட்ட வேண்டும்.

வாக்காளர் கையில் இருக்கும் ஒரு கருவி

வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் (1995) அதிகம் பேசப்படாத இரண்டு விதிகள் உண்டு. விதி 16இன்படி முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். விதி 17இன்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அந்தக் குழுவின் உறுப்பினர்கள். அதாவது உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எந்தக் கட்சியாக இருந்தாலும், நிலுவையில் உள்ள வழக்கு, தராத நிவாரணம், தாமதமான குற்றப்பத்திரிகை ஆகியவற்றைக் கேள்வி கேட்க அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

அவர் போய் உட்கார்ந்தாரா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை:

1. கடந்த ஐந்து ஆண்டுகளில் விதி 17 குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது, நிகழ்ச்சிக் குறிப்பின் நகல் என்ன?

2. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எந்தெந்த எம்.பி., எம்.எல்.ஏ. வந்தார்கள்?

3. பதிவான வழக்குகளில் எத்தனை 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகையாயின, எத்தனை பேருக்கு முழு நிவாரணம் போய்ச் சேர்ந்தது?

4. 4ஆவது பிரிவின்படி எந்த அலுவலர் மேலாவது நடவடிக்கை உண்டா?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கிடைத்த பதிலை அங்கே வாசித்துப் பதிவு செய்யச் சொல்லலாம். ஓட்டுக் கேட்டு வரும் எம்.எல்.ஏ.விடம் அவர் வராத கூட்டத்தின் தேதியைச் சொல்லியே காரணம் கேட்கலாம்.